ஒரு பொறிக்குள் பல பொறிகள்

கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர், இரயில் பாதைகள் வந்து கூடும் ஊர். 1881ஆம் ஆண்டு அவ்வூரில் ஈத்தல் சாரா ஸ்டோனி என்னும் பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையின் தந்தை எட்வர்டு வாலர் ஸ்டோனி, பின்னாளில் மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். வளர்ந்தபின் சாரா மணந்துகொண்டது ஜூலியஸ் டியூரிங் என்னும் ஆங்கிலேய அதிகாரியை. மதராஸ் மாகாணத்தில் பணியாற்ற வருவதற்கு முன்பே, இங்கிலாந்தில் தமிழைப் பாடமாகப் பயின்று தேர்வு எழுதியவர் ஜூலியஸ். இத்தம்பதியரின் மூத்த மகன் ஜான் 1908ஆம் ஆண்டு குன்னூரில் பிறந்தார். இளைய மகன் ஆலன் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார்.

அந்த இளைய மகனே இன்றைய கணினி அறிவியலுக்கு அடித்தளமிட்ட ஆலன் டியூரிங்.

இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பிள்ளைகளை இங்கிலாந்திலேயே விட்டுச் செல்வது அக்கால வழக்கம். ஆலனும் ஜானும் தென் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்தனர். தந்தை 1926இல் பணி ஓய்வு பெறும்வரை, பெற்றோருடன் சேர்ந்திருந்த காலத்தைவிடப் பிரிந்திருந்த காலமே ஆலனுக்கு அதிகம். அதே 1926இல், 13 வயதில், அவர் ஷெர்போன் பள்ளியில் சேர வேண்டியிருந்தது. பள்ளி தொடங்கும் நேரத்தில் நாடு முழுவதும் வேலைநிறுத்தம், இரயில்கள் ஓடவில்லை. ஆலன் தம் மிதிவண்டியில் ஏறினார். இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கி, ஏறக்குறைய 97 கிலோமீட்டரை மிதித்தே பள்ளிக்கு வந்து சேர்ந்தார். காஜாங்கிலிருந்து சிரம்பானுக்குச் சென்று திரும்பும் தூரத்தோடு இதை ஒப்பிடலாம்.

பள்ளியில் அவரைப் பற்றிப் புகார்கள் வராமல் இல்லை. கையெழுத்து மோசம், மொழிப்பாடங்களில் ஆர்வம் குறைவு. கணிதத்திலோ ஆசிரியர் கற்பிக்காத வழிகளில் விடை காண்பார். அவருடைய ஆர்வத்தைப் புரிந்துகொண்ட ஒரே நண்பர் கிறிஸ்டபர் மோர்காம். அந்த நண்பர் 1930ஆம் ஆண்டு பிப்ரவரியில் காசநோயின் விளைவாக இறந்துபோனார். மனிதனின் உடல் அழிந்தபின் மனம் என்னவாகும், மனமும் ஒருவகைப் பொறிதானா என்ற கேள்விகள் அதன்பின் ஆலனை விடவேயில்லை.

1931இல் அவர் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 22 வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935ஆம் ஆண்டு மேக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியரின் விரிவுரைகளைக் கேட்டபோது ஒரு வினா அவர் மனத்தில் தங்கியது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிறுவத்தக்கதா இல்லையா என்பதை இயந்திரத்தனமான ஒரு வழிமுறையால் முடிவு செய்ய இயலுமா? இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற டியூரிங், இயந்திரத்தனம் என்றால் என்ன என்பதையே முதலில் வரையறுக்கத் துணிந்தார்.

அவர் கற்பனை செய்த பொறி மிக எளியது. கட்டங்கள் பிரிக்கப்பட்ட நீண்ட தாள்நாடா ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் படிக்கும், எழுதும், அழிக்கும் தலைப்பகுதி ஒன்று. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறும் விதிப்பட்டியல் ஒன்று. அவ்வளவுதான். மனிதர் ஒருவர் தாளும் பென்சிலும் கொண்டு விதிப்படி செய்யும் எந்தக் கணக்கையும் இத்தகைய பொறியும் செய்யும் என்று அவர் காட்டினார்.

அடுத்த படிதான் உலகை மாற்றியது. கூட்டலுக்கு ஒரு பொறி, பெருக்கலுக்கு வேறொரு பொறி எனத் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பொறியின் விதிப்பட்டியலையும் தாள்நாடாவில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அந்தப் பொறியாகவே நடந்துகொள்ளும் பொதுப்பொறி ஒன்றை அமைக்கலாம். கையிலுள்ள ஒரே திறன்பேசி கணிப்பானாகவும் கடிகாரமாகவும் வரைபடமாகவும் மாறுவது இந்தக் கருத்தினால்தான். டியூரிங் இதை 1936இல் எழுதியபோது மின்னணுக் கணினி என ஒன்று உலகில் எங்கும் இல்லை.

அதே கட்டுரையில், பொறிகளால் செய்ய முடியாதவை உண்டு என்பதையும் அவர் நிறுவினார். இன்றைய சொற்களில் அதை இவ்வாறு விளக்கலாம். எந்த நிரலைக் கொடுத்தாலும் அதைப் படித்துப் பார்த்து, அது வேலையை முடித்து நிற்குமா அல்லது முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லும் ஒரு நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் சோதிடர் எனப் பெயரிடுவோம். இப்போது குறும்பன் என்னும் வேறொரு நிரலை எழுதலாம். குறும்பன் முதலில் தன்னைப் பற்றியே சோதிடரிடம் கேட்கும். நிற்கும் என்று சோதிடர் கணித்தால் குறும்பன் நிற்காமல் ஓடும். நிற்காது என்று கணித்தால் உடனே நின்றுவிடும். சோதிடர் எதைச் சொன்னாலும் பொய்யாகிறது. ஆகவே, தவறே செய்யாத அப்படிப்பட்ட சோதிடர் இருக்கவே முடியாது.

இந்த இரண்டு முடிவுகளும் இன்று காஜாங்கில் மென்பொருள் எழுதும் ஒருவரின் மேசைவரை வந்திருக்கின்றன. அண்மைக் காலத்தில் நிரலாளர்கள் எல்லா நிரல்களையும் தாங்களே எழுதுவதில்லை. செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் மென்பொருளிடம் வேலையை ஒப்படைக்கின்றனர். கோப்புகளைப் படிப்பது, நிரலை எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, பிழையைத் திருத்துவது ஆகியவற்றை அந்த முகவரே செய்கிறது. ஒரு முகவர் பதிவுப் படிவத்தைச் சரிசெய்யும்போதே, இன்னொரு முகவர் கட்டணப் பகுதியை எழுதலாம். மூன்றாவது முகவர் பழைய பிழை ஒன்றைத் தேடலாம். ஆனால், மூன்றும் ஒரே இடத்தில் வேலை செய்தால் என்ன ஆகும்? ஒன்று எழுதியதை மற்றொன்று அழிக்கும். ஒரே தரவுத்தளத்தை இரண்டும் மாற்றும். தவறான ஒரு கட்டளையால் நிரலாளரின் சொந்தக் கோப்புகளும் மறைந்துபோகலாம்.

இதற்குக் கண்ட வழிதான் கொள்கலன். பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. கிள்ளான் துறைமுகத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இரும்புப் பெட்டிகளில் ஒன்றில் துணியும் மற்றொன்றில் இயந்திர உதிரிப்பாகங்களும் இருக்கலாம். ஒன்றின் சரக்கு மற்றொன்றில் கலப்பதில்லை. அதுபோலவே கணினிக்குள் ஒவ்வொரு முகவருக்கும் ஒரு மூடிய பெட்டி தரப்படுகிறது. நிரலின் ஒரு படி, அதற்கு வேண்டிய துணைக்கருவிகள், தனியான தரவுத்தளம் ஆகிய யாவும் அப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். முகவருக்கு அந்தப் பெட்டியே முழுக் கணினியாகத் தோன்றும். வேலை கெட்டுப்போனால் பெட்டியை எறிந்துவிட்டுச் சிறிது நேரத்தில் புதியதை உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு பொறி பல பொறிகளாக நடந்துகொள்ள முடியும் என்ற 1936ஆம் ஆண்டுக் கருத்து இல்லாமல் இந்தப் பெட்டிகள் இல்லை.

எனினும் இப்பெட்டிகளின் சுவர் முழுமையானது அன்று. காஜாங்கின் சாத்தே கடைகளில் கோழிக் குச்சிகளும் ஆட்டுக் குச்சிகளும் தனித்தனியே இருந்தாலும், அடியில் இருப்பது ஒரே கரித்தணல். கொள்கலன்களும் அடியில் உள்ள ஒரே இயங்குதளத்தின் மையப்பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் அவை இலேசானவை. அதனால்தான் கவனமும் வேண்டும். கடவுச்சொற்களையும் இணையத் தொடர்பையும் தேவைக்கு மேல் பெட்டிக்குள் கொடுக்காமலிருப்பது நல்ல நிரலாளரின் வழக்கம். முகவர் எழுதிய நிரல் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே தவறாமல் கணிக்கும் சோதிடர் இல்லை என்று டியூரிங் நிறுவியிருப்பதால், அதை மூடிய இடத்தில் ஓட்டிப் பார்த்தே நம்ப வேண்டியிருக்கிறது.

டியூரிங்கின் வாழ்க்கையிலும், பல பொறிகளை ஒரே நேரத்தில் ஓட்டி அவற்றின் விடைகளைச் சோதிக்க வேண்டிய காலம் வந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று 1938இல் நாடு திரும்பிய அவர், இரண்டாம் உலகப்போர் மூண்டதும், 1939 செப்டம்பர் 4ஆம் நாள், பிளெட்ச்லி பார்க் என்னும் இரகசிய மையத்தில் பணியில் சேர்ந்தார்.

ஜெர்மானியப் படைகள் எனிக்மா என்னும் கருவியால் தம் செய்திகளை மறைத்து அனுப்பின. எழுத்தை மாற்றும் சக்கரங்கள் ஐந்தில் மூன்றைத் தேர்ந்து ஏதேனும் ஒரு வரிசையில் பொருத்துவார்கள். இதற்கு மட்டும் 60 வழிகள். ஒவ்வொரு வரிசையிலும் சக்கரங்கள் தொடங்கும் நிலைகள் 17,576. முன்புறத்தில் எழுத்துகளை இணைக்கும் கம்பிகளையும் சேர்த்துக்கொண்டால், அமைப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 159ஐத் தொடர்ந்து 18 சுழியங்கள். அமைப்போ நாள்தோறும் மாறும். நேற்றுக் கண்டுபிடித்தது இன்றைக்கு உதவாது.

இப்பணியைத் தொடங்கி வைத்தவர்கள் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள். மரியன் ரெயெவ்ஸ்கியும் அவருடைய தோழர்கள் இருவரும் போருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எனிக்மாவை உடைத்திருந்தனர். தங்கள் நாடு தாக்கப்படும் என்ற நிலையில், 1939 ஜூலையில் தாங்கள் அறிந்ததை எல்லாம் பிரித்தானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கொடுத்தனர். டியூரிங்கின் புகழைப் பேசும் பலர் இவர்களை மறந்துவிடுகின்றனர். அது நியாயமன்று.

டியூரிங் வேறொரு வழியைக் கண்டார். ஜெர்மானியர் வானிலை அறிக்கைகளை ஏறக்குறைய ஒரே மாதிரியான சொற்களில் அனுப்பினர். எனவே செய்தியின் ஒரு பகுதியில் என்ன சொல் இருக்கும் என்று ஊகிக்கலாம். அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு, முரண்பாடு வரும் அமைப்புகளை எல்லாம் வேகமாகத் தள்ளிக்கொண்டே போகும் ஒரு பொறியை அவர் வடிவமைத்தார். அதற்குப் பாம்ப் என்று பெயர். முதல் பொறி 1940 மார்ச்சில் வந்தது. கோர்டன் வெல்ச்மன் என்னும் சக கணித அறிஞர் செய்த மேம்பாட்டுடன் கூடிய பொறி அதே ஆண்டு ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அந்த மேம்பாடு இல்லாமல் பொறி பெரிதும் பயன்பட்டிருக்காது.

ஒரு பொறி எல்லாச் சக்கர வரிசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிப்பதென்றால் பொழுது விடிந்துவிடும். எனவே ஒரு வரிசையை ஒரு பொறிக்கும் அடுத்த வரிசையை வேறொரு பொறிக்கும் பகிர்ந்தளித்தனர். ஒன்றின் வேலை மற்றொன்றைத் தொடாது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். போர் முடிவதற்குள் 200க்கும் மேற்பட்ட பொறிகள் செய்யப்பட்டன. குண்டுவீச்சில் எல்லாம் ஒருசேர அழிந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றை வெவ்வேறு இடங்களில் வைத்தனர். அவற்றை இரவும் பகலும் இயக்கியவர்கள் பெரும்பாலும் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள்.

பொறி திடீரென்று நிற்கும். விடை கிடைத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. விடையாக இருக்கக்கூடும் என்பதே பொருள். பல நிறுத்தங்கள் பொய்யானவை. இயக்கும் பெண் அந்த நிலையைக் குறித்துக்கொள்வார். தனியான சோதிப்புக் கருவி ஒன்றில் அது பொருந்துகிறதா எனப் பார்க்கப்படும். பின்னர் அது தொலைபேசி வழியாகத் தலைமை மையத்துக்குச் செல்லும். அங்கே உண்மைச் செய்தியின் மீது அதைப் பொருத்தி, புரியும் ஜெர்மன் சொற்கள் வருகின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வார்கள். பொறிகளின் எண்ணிக்கை கூடக் கூட, சோதிப்பவர்களின் வேலையும் கூடியது. பல முகவர்களை ஒரே நேரத்தில் ஓட்டும் இன்றைய நிரலாளரும் இதே நெருக்கடியைச் சந்திக்கிறார். பத்துப் பெட்டிகளில் வேலை முடிந்துவிடலாம். அவற்றைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டிய கண்கள் இரண்டுதான்.

கடற்படையின் எனிக்மாவை உடைப்பது எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் டியூரிங். அட்லாண்டிக் கடலில் உணவும் எண்ணெயும் ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. செய்தி ஒரு நாள் தாமதமாகப் புரிந்தால், அதற்குள் சில கப்பல்களும் அவற்றிலிருந்த மாலுமிகளும் கடலடியில் இருக்கக்கூடும். ஆள் பற்றாக்குறையால் வேலை தேங்கியபோது, 1941 அக்டோபரில் டியூரிங்கும் மூன்று சக பணியாளர்களும் மேலதிகாரிகளைத் தாண்டி நேரே பிரதமர் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதினர். கேட்டதை உடனே கொடுக்குமாறு சர்ச்சில் ஆணையிட்டார்.

போருக்குப்பின், 1945இல், டியூரிங் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து மின்னணுக் கணினி ஒன்றின் முழு வடிவமைப்பை எழுதினார். 1936இல் தாளில் இருந்த பொதுப்பொறிக்கு மின்கம்பிகளால் உடல் கொடுக்கும் முயற்சி அது. அலுவலகத் தாமதங்களால் அவர் சலிப்புற்றார். அவர் வெளியேறிய பின்னரே, 1950இல், அதன் சிறிய வடிவம் இயங்கியது. இந்த ஆண்டுகளில் அவர் நெடுந்தூர ஓட்டத்திலும் ஈடுபட்டார். 1947இல் ஒரு மரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் முடித்தார்.

அதே 1947 பிப்ரவரியில் இலண்டன் கணிதக் கழகத்தில் அவர் ஆற்றிய உரை இன்று படித்தாலும் வியப்பளிக்கிறது. கணினிக்குக் கட்டளைகளை எழுதுவோரின் வேலையும் ஒருநாள் கணினியிடமே செல்லக்கூடும் என்று அவர் அதில் எடுத்துரைத்தார். ஒரு வேலை வழக்கமான முறைக்குள் வந்துவிட்டால், அதையும் கட்டளைப்பட்டியலாக எழுதிவிடலாம் என்பது அவருடைய வாதம். அப்படி நேர்வதை நிரலாளர்களே விரும்பாமல் தடுக்கப் பார்க்கலாம் என்றும் சுட்டிக்காட்டினார். தவறே செய்யக் கூடாது என்று ஒரு பொறியிடம் எதிர்பார்த்தால், அதே பொறி அறிவுடன் நடக்கவும் வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் விளக்கினார்.

பொறி தவறு செய்யும் என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1949இல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாடு ஒன்றில் அவர் வழங்கிய சிறிய கட்டுரை இதைத்தான் பேசியது. நீண்ட கூட்டல் கணக்கு ஒன்றின் இறுதி விடையை மட்டும் கொடுத்தால், சோதிப்பவர் கணக்கு முழுவதையும் ஒரே ஆளாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் அடுத்த வரிசைக்குச் செல்லும் எண்ணையும் எழுதிக் காட்டினால், வரிசைகளைத் தனித்தனியாகச் சோதிக்கலாம். பலர் பகிர்ந்துகொண்டும் சோதிக்கலாம். நிரலையும் அவ்வாறே எழுத வேண்டும் என்றார் டியூரிங். இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும், அந்த இடத்தில் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நிரலை எழுதுபவர் ஆங்காங்கே குறித்து வைத்தால், அவற்றைத் துண்டு துண்டாகச் சரிபார்த்து முழு நிரலையும் நம்பலாம். டியூரிங்கின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது, பொறியால் மனிதரைப் போல உரையாட முடியுமா எனச் சோதிக்கும் 1950ஆம் ஆண்டுக் கட்டுரைதான். ஆனால், முகவர்கள் எழுதித் தள்ளும் நிரல்களைச் சரிபார்க்க வேண்டியவருக்கு மூன்று பக்கமே உள்ள இந்த 1949ஆம் ஆண்டுக் கட்டுரையே கைகொடுக்கும்.

1948 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டியூரிங், 1951இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விலங்குகளின் தோலில் வரிகளும் புள்ளிகளும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைக் கணிதத்தால் விளக்கும் ஆய்வில் அவர் ஆழ்ந்திருந்தபோது, 1952இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆண்களுக்கிடையிலான உறவு அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம். சிறைக்கு மாற்றாக அவருக்கு இயக்குநீர் மருந்து கட்டாயமாகச் செலுத்தப்பட்டது. இரகசியப் பணிக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. போரில் அவர் செய்த சேவையை நீதிமன்றத்தில் விரித்துச் சொல்ல வழியில்லை. அது அரசாங்க இரகசியம். 1954 ஜூன் 7ஆம் நாள், 42 வயது நிறைவதற்கு இரண்டு வாரங்களே இருந்த நிலையில், நஞ்சினால் அவர் உயிர் பிரிந்தது. அது தற்கொலை என்று விசாரணை முடிவு செய்தது. தாயார் சாரா அந்த முடிவை ஏற்கவில்லை.

மகனைப் பற்றிச் சாரா 1959இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். பிளெட்ச்லி பார்க்கில் மகன் செய்தது என்ன என்பதை அந்நூலில் அவரால் சொல்ல இயலவில்லை. அந்த இரகசியம் 1970களில்தான் வெளியானது. அதற்கு முன்னரே, 1966 முதல், கணினித் துறையின் மிக உயரிய விருது டியூரிங்கின் பெயரால் வழங்கப்பட்டு வருகிறது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி, செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக 1994இல் அவ்விருதைப் பெற்றார்.

டியூரிங் நடத்தப்பட்ட விதத்துக்காக 2009இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021 ஜூன் 23ஆம் நாள், அவருடைய பிறந்தநாளில், அவருடைய உருவம் தாங்கிய 50 பவுண்டு நோட்டு வெளிவந்தது. அதில் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையின் விதிப்பட்டியல் ஒன்றும், பாம்ப் பொறியின் வரைபடமும், அவர் பிறந்த தேதியைச் சுழியங்களாலும் ஒன்றுகளாலும் காட்டும் தாள்நாடா ஒன்றும் அச்சிடப்பட்டுள்ளன.